அகலக் கால் வைத்த கரிவரதன்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் பக்கம் போயிருக்கிறீர்களா? அந்த வட்டாரத்தில்தான் வல்லக்கோட்டை இருக்கிறது. ஏழடி உயரத்தில் முருகப் பெருமான் கம்பீரமாக நிற்கும் கோயில் அந்த ஊரில்தான். கோயிலுக்குப் போகிற வழியில் சாலையைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். நீள நீளமான டிரெய்லர் லாரிகள், மாடி வீடு மாதிரி இரண்டு தட்டுகளில் புத்தம் புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு போகும். சுற்றிலும் கார் தொழிற்சாலை, லாரி தொழிற்சாலை, பைக் தொழிற்சாலை, டயர் தொழிற்சாலை!

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி சென்னை நோக்கிப் போனால் இருங்காட்டுக்கோட்டை வரும். அங்கேயும் கார் தொழிற்சாலை உண்டு. கூடவே இன்னொரு இடமும் உண்டு. அங்கே கார் செய்ய மாட்டார்கள், ஓட்டுவார்கள். அதுவும் மின்னல் வேகத்தில்! 'மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்' 1990-ஆம் ஆண்டு திறந்த கார் பந்தயத் தடம் அது. ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர்.

அந்தத் தடத்தில் நம் ஊர் இளைஞர்கள் பலர் ஓட்டிப் பழகிய முதல் பந்தயக் கார் எங்கிருந்து வந்தது தெரியுமா? இத்தாலியா? இங்கிலாந்தா? இல்லை. நம் கோயம்புத்தூரிலிருந்து! அதை வடிவமைத்தவர் பெயர் சுந்தரம் கரிவரதன். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

'அகலக் கால் வைக்காதே' என்று பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? நம் சக்திக்கு மீறிய காரியத்தில் இறங்காதே என்று அர்த்தம். ஆனால் பந்தயக் காருக்கு மட்டும் இந்தப் பழமொழி பொருந்தாது. அது அகலக் கால் வைத்தே ஆக வேண்டும்! ஏன் என்று போகப் போகத் தெரியும்.

ஆலையும் பட்டறையும்

கரிவரதன் 1954-ஆம் ஆண்டு பிறந்தவர். கோவையில் ஜவுளி ஆலை நடத்திய வசதியான குடும்பம். அந்தக் காலக் கோவையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கிய ஊர். பஞ்சாலைகள் மட்டும் அல்ல. இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரிகள், லேத் பட்டறைகள், பம்புசெட் செய்யும் கம்பெனிகள் என்று தெருவுக்குத் தெரு தொழில்தான். ஒரு இயந்திரத்தைப் பார்த்தால் அதைப் பிரித்து, அதேபோல் இன்னொன்று செய்துவிடும் கைகள் அந்த ஊரில் ஏராளம். விஞ்ஞானி ஜி.டி. நாயுடு வாழ்ந்த ஊர் அல்லவா!

இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த கரிவரதனுக்கு வேகத்தின் மீது தீராத ஆசை. குடும்பத் தொழில் ஒரு பக்கம், கார் பந்தயம் இன்னொரு பக்கம் என்று அவர் வாழ்க்கை ஓடியது.

அப்போது இருங்காட்டுக்கோட்டைத் தடம் கிடையாது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பழைய விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்டது. விமானங்கள் போய்விட்டன, ஓடுதளம் மட்டும் மிச்சம். அதில்தான் 1950-களிலிருந்து கார், பைக் பந்தயங்களை நடத்தினார்கள். அந்தச் சோழவரத்தில் ஓட்டிப் பெயர் வாங்கியவர்களில் கரிவரதனும் ஒருவர்.

ஆசை இருந்தது, கார் இல்லை!

அந்த நாளில் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அம்பாசடர், பியட் என்று எல்லோரும் அழைத்த பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு. அவ்வளவுதான். புதுக் கார் வாங்கப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள்.

வீட்டுக் காருக்கே இந்த நிலைமை என்றால் பந்தயக் காருக்கு? வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். அதற்கு அனுமதி, வரி, கப்பல் செலவு, உதிரி பாகம் என்று பணம் தண்ணீராய்ச் செலவாகும். பெரும் பணக்காரர்களால் மட்டுமே முடியும். திறமை இருக்கிற சாதாரண வீட்டுப் பிள்ளை வேலிக்கு வெளியே நின்று கை தட்ட வேண்டியதுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒருவரிடம் சக்தி வாய்ந்த வெளிநாட்டுக் கார், இன்னொருவரிடம் மாற்றி அமைத்த பழைய வீட்டுக் கார். இருவரும் ஒரே தடத்தில் ஓடினால் யார் ஜெயிப்பார்கள்? காசு அதிகம் போட்டவர்தான்! யாருக்குத் திறமை அதிகம் என்று எப்படித் தெரியும்?

1983 டிசம்பரில் நம் நாட்டில் ஒரு புதுக் கார் வந்தது. அதுதான் மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி. இன்ஜின். சின்னது, எடை குறைவு, விலையும் மற்ற கார்களை ஒப்பிட்டால் மலிவு. சில ஆண்டுகளில் ஊரெங்கும் மாருதி ஆகிவிட்டது. மூலைக்கு மூலை அதற்கு மெக்கானிக், எந்தக் கடைக்குப் போனாலும் உதிரி பாகம்.

கரிவரதன் இங்கேதான் வழியைக் கண்டுபிடித்தார். மாருதி 800-ன் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எடுத்து, ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டும் பந்தயக் கார் செய்தால் என்ன? இன்ஜின் நம் ஊரிலேயே கிடைக்கிறது. ரிப்பேர் என்றால் பக்கத்துத் தெருவில் ஆள் இருக்கிறார். எல்லோருக்கும் ஒரே மாதிரி கார். அப்படியானால் ஜெயிப்பது கார் அல்ல, ஓட்டுகிறவர்தான்!

யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற காரின் இன்ஜின் பந்தயத்துக்குத் தாங்குமா? சுமார் 40 குதிரைத் திறன்தான் அதற்கு. நேர் சாலையில் அது பறந்துவிடாது. அப்படியானால் வேகத்தை எங்கே சம்பாதிப்பது? வளைவில்!

பஸ்ஸில் நின்று பாருங்கள்

நேர் சாலையில் எந்தக் காரும் வேகமாகப் போகும். வளைவு வந்ததும் பிரேக் போட வேண்டும். பிரேக்கைக் குறைவாகப் போட்டு, வளைவை வேகமாகக் கடக்கிற கார்தான் பந்தயத்தில் முந்தும். அதற்கு இன்ஜின் மட்டும் போதாது. கார் நிற்கிற விதம் சரியாக இருக்க வேண்டும்.

ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கிறீர்கள் அல்லவா? இரண்டு காலையும் ஒட்டி வைத்து நின்றால், டிரைவர் வண்டியைத் திருப்பும்போது பக்கத்து ஆள் மேல் போய் விழுவீர்கள். காலை அகலமாக வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றால் விழ மாட்டீர்கள். ஏன்? கால் அகலமானது. உடம்பும் தாழ்ந்தது. காருக்கும் இதே கதைதான்.

இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே இருக்கிற தூரத்தைச் சக்கர இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். இதுதான் காரின் 'கால் அகலம்'. வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி திரும்பும்போது எப்படிச் சாயும்? பாரம் உயரம், சக்கர இடைவெளி குறைவு. அதுதான் காரணம்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடலாமா? பயப்படாதீர்கள், பெருக்கலும் வகுத்தலும்தான்!

600 கிலோ எடையுள்ள ஒரு வீட்டுக் கார். நேராகப் போகும்போது இடது பக்கச் சக்கரங்கள் 300 கிலோ, வலது பக்கச் சக்கரங்கள் 300 கிலோ என்று சமமாகத் தாங்கும். கார் வேகமாக வளையும்போது, தன் எடையில் பாதி அளவு, அதாவது 300 கிலோ அளவு விசை, அதை வெளிப்பக்கம் தள்ளுவது போல வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். காரின் எடை மையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம். சக்கர இடைவெளி 120 சென்டிமீட்டர். மாருதி 800-க்கும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

300-ஐ 50-ஆல் பெருக்கி 120-ஆல் வகுங்கள். 125 வரும். அதாவது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து 125 கிலோ பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போய்விடும். வெளிப்பக்கம் 425 கிலோ, உள்பக்கம் வெறும் 175 கிலோ!

சக்கர இடைவெளியை மட்டும் 140 சென்டிமீட்டர் ஆக்கினால்? மாறுகிற பாரம் 107 கிலோவாகக் குறையும். கூடவே எடை மையத்தையும் 30 சென்டிமீட்டருக்கு இறக்கிவிட்டால்? சுமார் 64 கிலோதான்! முன்பு மாறியதில் ஏறக்குறைய பாதி.

சரி, பாரம் மாறினால் என்ன நஷ்டம்? மொத்த எடை அதே 600 கிலோதானே? இங்கேதான் டயரின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்களும் உங்கள் தம்பியும் ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் இருவரும் ஒழுங்காக நடப்பீர்கள். நீங்களே இரண்டு குடத்தையும் தூக்கிக்கொள்ள, தம்பி கை வீசி நடந்தால்? நீங்கள் தள்ளாடுவீர்கள். தம்பியால் உபயோகம் இல்லை. டயரும் அப்படித்தான். அதன் மேல் பாரம் இரண்டு மடங்கு ஆனால், தரையைப் பிடிக்கும் பிடிப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை. அதைவிடக் குறைவாகத்தான் கூடும். ஆகவே நான்கு டயர்களும் பாரத்தை எவ்வளவு சமமாகப் பங்கு போட்டுக்கொள்கிறதோ, அவ்வளவு நன்றாகக் கார் வளைவில் ஒட்டிக்கொண்டு போகும்.

பாதியாக அறுத்த கார்!

இந்த 'அகலக் கால்' ரகசியத்துக்கு உலகப் புகழ் பெற்ற கதை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளர் இருந்தார். மோரிஸ் மைனர் என்ற சின்னக் காரை வடிவமைத்துக்கொண்டிருந்தார். மாதிரிக் கார் தயார். ஆனால் அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் திருப்தி இல்லை. ரொம்ப ஒடுக்கமாகத் தெரிந்தது. உடனே காரை நீளவாக்கில் நடுவே இரண்டாக அறுக்கச் சொன்னார்! இரண்டு பாதிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி வைத்துப் பார்த்தார். 4 அங்குலம் விலக்கியதும் சரியாக இருந்தது. அதுவே காரின் அகலம் ஆனது.

ஒரு வேடிக்கை கேளுங்கள். அதற்குள் பழைய அளவில் பம்பர்கள் செய்து முடித்துவிட்டார்கள். வீணாக்க முடியுமா? அவற்றையும் நடுவில் வெட்டி 4 அங்குலத் துண்டு ஒன்றைச் சேர்த்துப் பொருத்தினார்கள். பானெட்டின் நடுவிலும் அந்த 4 அங்குலப் பட்டை தெரியும்.

1948-ல் விற்பனைக்கு வந்த அந்தக் கார் வளைவுகளில் அழகாகத் திரும்புகிறது என்று பெயர் வாங்கியது. பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரிட்டிஷ் காரும் அதுதான். நம் நாட்டில் 'பேபி இந்துஸ்தான்' என்ற பெயரில் அது ஓடியது. உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள், ஒருவேளை பார்த்திருப்பார்.

இன்ஜின் பின்னால், டிரைவர் நடுவில்

இங்கிலாந்தில் சார்லஸ் கூப்பர், ஜான் கூப்பர் என்று ஒரு அப்பாவும் மகனும் இருந்தார்கள். 1946-ல் அவர்கள் மலிவாக ஒரு பந்தயக் கார் செய்தார்கள். பியட் டோப்போலினோ என்ற சின்னக் காரின் முன்பாகங்கள் இரண்டை எடுத்து, ஒன்றை முன்பக்கமும் இன்னொன்றைப் பின்பக்கமும் வைத்துச் சேர்த்தார்கள். இன்ஜின்? 500 சி.சி. மோட்டார் சைக்கிள் இன்ஜின்! அதை டிரைவருக்குப் பின்னால் வைத்தார்கள். இப்படிப்பட்ட மலிவான கார்களில் ஓட்டிப் பழகித்தான் ஸ்டர்லிங் மாஸ் போன்ற பெரிய வீரர்கள் உருவானார்கள். பிறகு அதே கூப்பர் கம்பெனியின் பின் இன்ஜின் கார்தான் 1959, 1960 இரண்டு ஆண்டுகளும் ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்தை வென்றது. அதற்குப் பிறகு முன்பக்கம் இன்ஜின் வைத்த ஃபார்முலா ஒன் கார்கள் சீக்கிரமே காணாமல் போயின.

வீட்டுக் காரின் பாகங்களை வைத்து மலிவாகச் செய்வது, அதில் புது வீரர்களை வளர்ப்பது. நம் கரிவரதன் கோவையில் செய்ததும் இதே வேலைதான்.

ஆனால் ஒன்று. மாருதி 800-ல் சேஸிஸ் என்று தனியாக எதுவும் கிடையாது. லாரியில் இருப்பதுபோல் அடியில் தனிச் சட்டம் இருக்காது. காரின் கூடே சட்டம். ஆகவே இன்ஜினையும் கியர்பாக்ஸையும் கழற்றிக்கொண்டால், அவற்றை வைக்க முழுக்க முழுக்கப் புதுச் சட்டம் செய்தாக வேண்டும்.

அந்தச் சட்டம் எப்படி இருக்க வேண்டும்? முதல் நிபந்தனை, முறுங்கக் கூடாது. சட்டம் வளைந்து கொடுத்தால் சக்கரங்கள் வேண்டிய கோணத்தில் நிற்காது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஒன்று நினைக்க ஒன்று நடக்கும். டிரைவருக்குக் கார் மீது நம்பிக்கை போய்விடும்.

வீட்டில் விளக்குமாறு இருக்கிறதா? நான்கு ஈர்க்குச்சிகளை எடுத்து முனைகளை நூலால் கட்டிச் சதுரம் செய்யுங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் சதுரம் கோணிக்கொள்ளும். இப்போது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக இன்னொரு குச்சியைக் கட்டுங்கள். தள்ளிப் பாருங்கள். அசையாது! சதுரம் இரண்டு முக்கோணம் ஆகிவிட்டது. முக்கோணத்தைக் கோண வைக்க முடியாது. இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்துச் செய்யும் பந்தயக் கார் சட்டத்தின் ரகசியம் இந்த ஒரு குச்சிதான். எடையும் குறைவு, பலமும் அதிகம்.

இரண்டாவது நிபந்தனை, எல்லாம் தாழ்வாக இருக்க வேண்டும். மாருதி 800-ல் நாற்காலியில் உட்காருவது போல உட்காருவோம். பந்தயக் காரில் சாய்வு நாற்காலியில் படுப்பது போல், தரையை ஒட்டி, காலை நீட்டி உட்கார வேண்டும். இன்ஜின் டிரைவருக்குப் பின்னால் போய்விடும். மேலே கூரை இல்லை, கதவு இல்லை. உடம்பு ஒல்லியாக நடுவில். நான்கு சக்கரங்களும் உடம்பை விட்டு வெளியே தள்ளி, நண்டு காலை விரித்தது போல் நிற்கும்.

இப்படித்தான் 1980-களின் பிற்பகுதியில் 'ஃபார்முலா மாருதி' பிறந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கிற அதே மாருதியின் இன்ஜின்தான். ஆனால் தாழ்ந்து, விரிந்து, இளைத்து நின்றதால் அது வேறு ஜாதி வண்டி ஆகிவிட்டது!

அகலம் மட்டும் போதுமா?

இதைப் படித்துவிட்டு, சக்கரத்தை வெளியே தள்ளி வைத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். முன் சக்கரங்களை மட்டும் அகலமாக்கினால் முன்பக்கம் நன்றாகப் பிடிக்கும். பின்பக்கம் பிடிப்பு விட்டு வழுக்கப் பார்க்கும். பின்பக்கம் மட்டும் அகலமாக்கினால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும். இரண்டுக்கும் சமநிலை வேண்டும். அகலம் கூடக் கூடக் காற்றின் தடையும் கூடும். குறுகலான இடத்தில் முந்திப் போகவும் முடியாது.

சில அண்ணன்மார்கள் வீட்டுக் காரின் சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் தகடு கொடுத்து வெளியே தள்ளி வைப்பார்கள். அப்படிச் செய்தால் பேரிங் சீக்கிரம் தேயும், ஸ்டீயரிங்கின் குணம் மாறும். சக்கரம், ஸ்பிரிங், சட்டம், ஸ்டீயரிங் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வடிவமைத்தால்தான் பலன். அதனால்தான் இந்த வேலைக்கு வடிவமைப்பாளர் வேண்டியிருக்கிறது.

இது பந்தயத்துக்கு மட்டும் உரிய விஷயமும் அல்ல. 1997-ல் சுவீடன் நாட்டில் மெர்சிடிஸ் நிறுவனத்தின் புதிய ஏ-கிளாஸ் காரைச் சோதனை செய்தார்கள். திடீரென்று எதிரே ஏதோ வந்தால் எப்படி ஒடித்துத் திருப்புவோமோ, அப்படித் திருப்பிப் பார்த்தார்கள். உயரமான அந்தக் கார் கவிழ்ந்துவிட்டது! விற்பனையையே நிறுத்தி, ஸ்பிரிங் அமைப்பை மாற்றி, சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவியையும் பொருத்திய பிறகுதான் மறுபடி விற்றார்கள். இப்போது ஒரகடத்திலேயே வண்டிகளைச் சோதிக்கும் பெரிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தனிச் சோதனைத் தடங்களும் அங்கே உண்டு.

கூடு விட்டுப் பறந்த பிள்ளைகள்

1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறந்ததும் ஃபார்முலா மாருதிக்கு நல்ல வீடு கிடைத்தது. ஒரே மாதிரி கார்கள், ஒரே மாதிரி இன்ஜின்கள். வளைவில் யார் எவ்வளவு நேரம் கழித்து பிரேக் போடுகிறார், யார் டயரைத் தேய்க்காமல் ஓட்டுகிறார் என்பதுதான் போட்டி. திறமை பளிச்சென்று தெரிந்தது.

கோவையைச் சேர்ந்த ராலி வீரர் ஜி.ஆர். கார்த்திகேயனுக்கு நரேன் என்று ஒரு மகன். அந்தப் பையன் தன் முதல் கார் பந்தயத்தை ஓட்டியது ஸ்ரீபெரும்புதூர் தடத்தில்தான். ஓட்டியது ஃபார்முலா மாருதி. முதல் பந்தயத்திலேயே முதல் மூவரில் ஒருவராக மேடை ஏறினார்! பிறகு பிரான்ஸ், பிரிட்டன் என்று போய்ப் பயிற்சி பெற்று, 2005-ஆம் ஆண்டு ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் காரில் ஏறினார். உலகின் மிகப் பெரிய கார் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர், அதில் புள்ளிகள் பெற்ற முதல் இந்தியர், நம் நரேன் கார்த்திகேயன்தான்.

ஆனால் அந்த நாளைப் பார்க்கக் கரிவரதன் இல்லை.

வேகத்தின் மீது ஆசை வைத்த அவருக்கு வானத்தின் மீதும் ஆசை இருந்தது. சிறிய விமானம் ஓட்டுவார். 1995-ஆம் ஆண்டு அப்படி ஒரு விமானம் விபத்துக்குள்ளானதில் அவர் உயிர் பிரிந்தது. வயது நாற்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான். நரேன் ஃபார்முலா ஒன்னில் ஓட இன்னும் பத்து வருஷம் இருந்தது.

எவ்வளவு பெரிய இழப்பு! செய்ய நினைத்தது எவ்வளவோ இருந்திருக்கும். ஆனால் அவர் போட்ட பாதை அழியவில்லை. அவருக்குப் பிறகும் ஃபார்முலா மாருதி பந்தயங்கள் நடந்தன. கோவையிலிருந்தே ஃபார்முலா எல்.ஜி.பி. என்ற புதிய ஒற்றை இருக்கைக் கார்கள் வந்தன. 2003-ல் கோவை செட்டிபாளையத்தில் புதுப் பந்தயத் தடம் ஒன்று திறந்தார்கள். அதற்கு வைத்த பெயர், 'கரி மோட்டார் ஸ்பீட்வே'. கரிவரதனின் நினைவாகத்தான்!

யாருக்காக அகலம்?

குட்டி நண்பர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கரிவரதன் வசதியான வீட்டுப் பிள்ளை. தனக்கு மட்டும் ஒரு நல்ல கார் வைத்துக்கொண்டு, கோப்பைகளை வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர், மற்றவர்களும் ஓட்டக்கூடிய கார் செய்தார். தன்னை முந்திப் போகிற பிள்ளைகளுக்கு வண்டி கட்டிக் கொடுத்தார்!

ஒடுக்கமாக உயர்ந்து நிற்கிற கார் வளைவில் தடுமாறும் என்று பார்த்தோம் அல்லவா? விளையாட்டும் அப்படித்தான். நான்கு பணக்காரர்கள் மட்டும் ஆடினால் அது நிலைக்காது. அடித்தளம் அகலமாக வேண்டும். கரிவரதன் காருக்கு மட்டும் அல்ல, நம் நாட்டுக் கார் பந்தயத்துக்கும் அகலக் கால் வைத்துக் கொடுத்தவர்.

இந்த வார வீட்டுப் பாடம்: ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா அல்லது அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் நிறுத்தி வைத்திருக்கும் ஆட்டோ, கார், வேன் மூன்றுக்கும் சக்கர இடைவெளியையும் மொத்த உயரத்தையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். இடைவெளியை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். எந்த வண்டிக்கு விடை பெரிதாக வருகிறதோ, அதற்குத்தான் 'அகலக் கால்'! ஓடாமல் நிற்கும் வண்டியைத்தான் அளக்க வேண்டும், ஞாபகம் இருக்கட்டும்.